ஏட்டுச் சுரைக்காயும் எங்கள் துறைமுகமும்

நாயுடுபேட்டை ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு ஜன்னலுக்குப் பின்னே அமர்ந்திருக்கும் குமாஸ்தா நான். பத்தாம் வகுப்புத் தேறியதோடு என் படிப்பு நின்றுவிட்டது. பண்டிதர்களும் டாக்டர்களும் எழுதும் நம் சங்க இதழில் எனக்கும் ஓர் இடம் கேட்பது துணிச்சல்தான். மேலும் நான் சர்க்கார் ஊழியன், கட்சி பேசலாகாது. ஆகையால் இக்கட்டுரையில் கட்சி பேசப் போவதில்லை. கணக்கு மட்டுமே பேசப் போகிறேன். கணக்குப் பேசுவது குமாஸ்தாவின் தொழிலாயிற்றே!

எங்கள் கணக்கு மிகவும் எளியது. வேலை முடிந்து எழுமுன், விற்ற சீட்டையும் வாங்கிய பணத்தையும் ஒப்பிட்டுக் கையொப்பம் இடவேண்டும். பத்து ரூபாய் குறைந்தால் அதை என் சட்டைப்பையிலிருந்து வைக்கவேண்டும். ரயில் தாமதமானால் இத்தனை நேரம் தாமதம் என்று அறிவிக்கிறோம். ரயிலை நாங்களே ரத்துச் செய்தால், பிரயாணி கொடுத்த கட்டணத்தை முழுவதும் திருப்பித் தருகிறோம். இத்தொழிலில் பல வருஷங்களாக நான் கண்டது ஒன்று உண்டு. இரண்டு மணி நேரம் தாமதம் என்று சொன்னால் ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே போய் வேப்பமரத்தடியில் சோற்று மூட்டையை அவிழ்ப்பார்கள். ஒன்றும் சொல்லாமல் இருந்தால்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்குவார்கள்.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைத்தது என்றால், ஒரு காலத்தில் நானும் ஜன்னலுக்கு வெளியே நின்றவன், இன்னும் நின்றுகொண்டிருப்பவன்.

என் பாட்டனார் வட ஆற்காட்டிலிருந்து தண்டவாள வேலைக்கு இப்பக்கம் வந்தவர். அப்போது இதுவும் சென்னை மாகாணம்தான்; 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது, நகராமலே நாங்கள் வேற்று ராஜ்யத்தாராகிவிட்டோம். என் தந்தையாரும் தண்டவாளத்திலேயே உழைத்தார். 2014-ஆம் வருஷம் அவர் ஓய்வு பெற்றபோது, பிராவிடண்டு பண்டும் மற்றவையுமாக ஒரு தொகை கைக்கு வந்தது. அவர் ஆயுளில் ஒருங்கே கண்ட பெரிய தொகை அதுவே.

அந்த வருஷந்தான் ஆந்திரப் பிரதேசம் இரண்டாகப் பிரிந்தது. பிரிவினைச் சட்டத்தின் பதின்மூன்றாம் அட்டவணையில், பிரிந்த ராஜ்யத்துக்கு மத்திய சர்க்கார் செய்யவேண்டியவை வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று, எங்களுக்குக் கிழக்கே வாகாட்டுப் பக்கம் கடலோரத்திலுள்ள துகராஜபட்டினத்தில் பெருந்துறைமுகம் அமைப்பது. அதன் முதற்கட்டம் 2018 முடிவுக்குள் நிறைவேறவேண்டும் என்பது. இதைத் தெலுங்குப் பத்திரிகையில் படித்துத் தந்தையாருக்குச் சொன்னவன் நானே.

அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, “ஏம்பா, இது மீட்டிங்கிலே பேசினதா, இல்லை எழுத்தா?” என்று கேட்டார்.

“எழுத்துத்தான் அப்பா. பாராளுமன்றத்திலே நிறைவேறின சட்டம்” என்றேன்.

அவர் காலமெல்லாம் எழுதிய உத்தரவைப் பார்த்தே தண்டவாளத்தில் இறங்கியவர். எழுத்து என்ற அந்த ஒரு சொல் அவருக்குப் போதுமானதாயிற்று. வாகாட்டுச் சாலையில் ஒரு தரகர் வண்ண வரைபடம் காட்டி மனை விற்றுக்கொண்டிருந்தார். இப்பக்கத்தில் மனையை அங்கணக் கணக்கில் அளப்பது வழக்கம். நாற்பது அங்கணம் வாங்கினோம். கைத்தொகையில் பெரும்பங்கு அதற்கே போயிற்று. “துறைமுகம் வந்ததும் இதை விற்றுத் தங்கச்சி கல்யாணத்தை ஜாம் ஜாம்னு நடத்திடலாம்” என்றார் தந்தையார்.

துகராஜபட்டினத்துக்கு ஒரு பழங்கதை உண்டு. 1626-ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கிலக் கம்பெனியார் அங்கே பண்டகசாலை கட்டினர். தங்களுக்கு உதவிய ஆறுமுக முதலியாரின் பெயரால் அவ்விடத்தை ‘ஆர்மகான்’ என்று அழைத்தனர் என்பார்கள். வாணிபம் செழிக்கவில்லை. அங்கிருந்த பிரான்சிஸ் டே 1639-இல் தெற்கே போய்ச் சென்னப்பட்டினத்தில் இடம் பிடித்தார். ஆக, ஒருமுறை துறைக்கு வந்தவர்கள் கைவிட்டுப் போன ஊர் அது. இக்கதையை மனை வாங்குமுன் நான் அறிந்திருக்கவில்லை.

2018 வந்தது, சென்றது. கடற்கரையில் அலை இருந்தது, துறைமுகம் இல்லை. ஒரு பக்கம் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம். அடுத்து, பறவைகள் வந்து தங்கும் புலிக்காட்டு ஏரி. வடக்கே 2008 முதல் நடந்துவரும் கிருஷ்ணபட்டினம் துறைமுகம். தெற்கே எண்ணூரும் சென்னையும். இத்தனைக்கும் நடுவே இன்னொரு துறைமுகம் கட்டினால் வரவுக்கும் செலவுக்கும் கட்டாது என்று டில்லியில் முடிவு செய்து, வேறு இடம் சொல்லுமாறு ராஜ்ய சர்க்காரைக் கேட்டார்கள். காரணங்கள் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் ராக்கெட் தளமும் ஏரியும் 2014-க்குப் பிறகு முளைத்தவை அல்லவே! சட்டம் எழுதிய கைக்கு இவை தெரியாமலா இருந்தன?

2019-இல் தங்கைக்கு வரன் அமைந்தது. மனையை விற்க அலைந்தோம். வாங்கிய விலையில் பாதிக்குக்கூட ஆள் இல்லை. வட்டிக்குக் கடன் வாங்கித்தான் கல்யாணம் நடந்தது. தந்தையார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாதம் ஒருமுறை பத்திரிகையை என் முன் வைத்து, “துறைமுகம் பற்றி ஏதாச்சும் போட்டிருக்கா?” என்று கேட்பார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் கேட்டபோது பட்ட துன்பத்தைவிட, கேட்பதை நிறுத்தியபோது நான் பட்ட துன்பம் பெரிது. 2021-இல் அவர் காலமானார். மனையில் இன்று சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. வாங்கச் சொன்னவன் நான்; பிறரைக் குற்றம் சொல்லி என் பங்கைக் கழித்துக்கொள்ள மாட்டேன்.

கணக்குப் பேசுகிறவன் வரவையும் சொல்லவேண்டும். அதே அட்டவணைப்படி திருப்பதிக்கு ஐ.ஐ.டி. கல்லூரி 2015-இல் வந்தது. நம் பிள்ளைகள் சிலரும் அங்கே படிக்கிறார்கள். எங்கள் இலாகாவுக்கான வாக்கோ வேறு விதம். புதிய ரயில்வே மண்டலம் அமைப்பதைப் பற்றி ஆறு மாதத்துக்குள் ஆராயவேண்டும் என்று எழுதியிருந்தது. அறிவிப்பு வந்தது 2019 பிப்ரவரியில். விசாகப்பட்டினத்தில் தலைமை அலுவலகத்துக்கு அடிக்கல் நாட்டியது 2025 ஜனவரியில். கடப்பை ஜில்லா உருக்காலைக்கோ 2018, 2019, 2023 என மூன்று முறை விழா எடுத்தார்கள். ராஜ்யத்துக்கு ஐந்தாண்டு விசேஷ அந்தஸ்து தருவதாக 2014 பிப்ரவரி 20-ஆம் தேதி ராஜ்ய சபையில் அப்போதைய பிரதம மந்திரி மன்மோகன் சிங் சொன்னார். ஐந்து போதாது, பத்து வேண்டும் என்றார் அன்று எதிர்வரிசையில் இருந்த எங்கள் நெல்லூர் ஜில்லாக்காரர் வெங்கையா நாயுடு. ஆட்சி மாறியது, 2016-இல் அந்தஸ்துக்குப் பதிலாக விசேஷ உதவித் திட்டம் என்று அறிவித்தார்கள். ஐந்தும் இல்லை, பத்தும் இல்லை.

வாக்குத் தவறியதைவிட, தவறிய வாக்கின் பேரால் ஆகும் செலவுதான் வயிற்றெரிச்சல். 2019 பிப்ரவரி 11-ஆம் தேதி அந்தஸ்துக் கோரி அப்போதைய முதன் மந்திரி சந்திரபாபு நாயுடு டில்லியில் ஒரு நாள் உண்ணாவிரதம் இருந்தார். அதற்கு ஜனங்களை அழைத்துச் செல்ல, இருபது பெட்டிகள் கொண்ட தனி ரயில்கள் இரண்டு அமர்த்தப்பட்டன; கட்டணம் ரூ. 1 கோடியே 12 லட்சம், ராஜ்ய கஜானாவிலிருந்து. ஏமாந்ததற்கு அழுவதற்கும் ஏமாந்தவன் பணமே! அடுத்து வந்த ஜகன்மோகன் ரெட்டி ஆட்சியில் பஞ்சாயத்துக் கட்டடங்களுக்குக் கட்சிக்கொடியின் வண்ணம் பூசினார்கள். 2020-இல் ஐகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் அதை அகற்றச் சொல்லின. பூசியதற்கு ஒரு செலவு, அழிப்பதற்கு ஒரு செலவு. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான்.

இது நம் நாட்டுக்கே உரிய நோய் என்று நினைக்கவேண்டாம். லண்டனில் உறவினர் உள்ள வாசகர்கள் அறிவார்கள். இங்கிலாந்தின் வடபகுதியோரை ஆண்டுக்கணக்கில் காக்கவைத்த அதிவேக ரயில்பாதையில், பர்மிங்ஹாமுக்கு வடக்கே மான்செஸ்டர் வரையுள்ள பகுதியை 2023 அக்டோபரில் பிரதம மந்திரி ரிஷி சுனக் ரத்துச் செய்தார். அதை அறிவித்த இடம் அதே மான்செஸ்டர்; அந்த மண்டபமோ முன்னாளில் ரயில் நிலையமாக இருந்த கட்டடம்! அதற்கு முன் 2010-இல், கல்லூரிக் கட்டண உயர்வை எதிர்ப்போம் என்று கையொப்பமிட்டு ஓட்டு வாங்கிய லிபரல் டெமாக்ரட் கட்சி, மந்திரிசபையில் சேர்ந்ததும் அதை 9,000 பவுன் வரை உயர்த்தத் துணைநின்றது. ஆனால் ஒன்று. அதன் தலைவர் நிக் கிளெக் 2012-இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஜனங்கள் அதற்காக அவரை விட்டுவிடவில்லை. 2015 தேர்தலில் 57 ஸ்தானங்கள் 8 ஆகக் குறைந்தன. மன்னிப்பும் கிடைத்தது, கணக்கும் தீர்ந்தது. துகராஜபட்டினத்து மனைக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்க இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

சட்டம் நமக்கு என்ன துணை செய்கிறது? தமிழ்நாட்டில் 2006 தேர்தலில் வாக்களித்த இலவச வர்ணத் தொலைக்காட்சியைப் பற்றிய வழக்கில், 2013 ஜூலை 5-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. தேர்தல் அறிக்கையில் வாக்குக் கொடுப்பது ஊழல் ஆகாது. எனினும் தேர்தல் கமிஷன் அதற்கு நெறிமுறை வகுக்கவேண்டும் என்றது. அவ்வாறே, வாக்குறுதிக்குப் பணம் எவ்வழியில் வரும் என்பதைக் கட்சிகள் பொதுப்படக் குறிப்பிடவேண்டும் என்று 2014-இல் கமிஷன் விதித்தது. விதி இருக்கிறது, அதைக் கேட்பதற்கு நாம் இல்லை. எந்தக் கூட்டத்திலாவது எழுந்து நின்று “பணம் எங்கிருந்து?” என்று கேட்டிருக்கிறோமா? ஓட்டுக்கு முன்னிரவில் கவரை வாங்கிக்கொண்ட கை, மறுநாள் கணக்குக் கேட்க எப்படி உயரும்? இக்கேள்வியை என்னையும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன்.

2025-இல் துகராஜபட்டினம் மறுபடியும் பத்திரிகையில் வந்தது. இம்முறை கப்பல் கட்டும் தளம் என்று. மறுநாளே பழைய தரகர் தொலைபேசியில் அழைத்தார். “சார், மனையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், நல்ல காலம் வருகிறது” என்றார். ஒரு கணம் என் மனமும் துள்ளியது என்பதை மறைக்கமாட்டேன். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நான்கு பத்திகள் கோடிட்டேன்: சொன்னவர் யார்; எந்தத் தேதிக்குள்; பணம் எவ்வழி; நடந்தது என்ன. முதல் வரியில் 2014-இன் துறைமுகத்தை எழுதினேன். நான்காம் பத்தியில் ‘ரத்து, தகவல் இல்லை’ என்று குறித்தேன். இரண்டாம் வரியில் கப்பல் தளம். அதில் இன்னும் முதற்பத்தி மட்டுமே நிரம்பியிருக்கிறது.

சங்கத்து அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இதுவே. ஒவ்வோர் ஊர்ச் சங்கப் படிப்பறையிலும் இத்தகைய நோட்டு ஒன்று வைப்போம். அங்கத்தினர் எந்தக் கட்சியினராயினும் அவரவர் கட்சி சொன்னதை அவரவர் கையாலேயே எழுதட்டும். நிறைவேறியதையும் மறவாமல் எழுதட்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு மாலையோடு அந்த நோட்டையும் நீட்டுவோம். எல்லாம் உடனே வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. தாமதமானால் எவ்வளவு தாமதம், ரத்தானால் ஏன் ரத்து என்று சொன்னால் போதும். ஏழை தன் மூட்டையை எங்கே அவிழ்ப்பது என்று தானே தீர்மானித்துக்கொள்வான். என் தந்தையார் கடைசிவரை எதிர்பார்த்ததும் அந்த ஒரு வரித் தகவலைத்தான்.