மூணாம் நம்பர் டிஸ்க் எது?

கொஞ்சம் பொட்டி சமாச்சாரம், கொஞ்சம் கணக்குப்பிள்ளை சமாச்சாரம். ரெண்டும் கலந்து வர்றதால நீளம் கூடிப்போச்சு. காபியைக் கலந்துக்கிட்டு வந்து உக்காருங்க மக்களே.

நான் படிச்சது பி.காம். பிழைப்பு வங்கியில. சர்வரைத் திறந்து பார்க்கறது என் வேலையே இல்லை. ஆனா மும்பையில நம்மாளுங்க நடத்துற எந்தச் சங்கமா இருந்தாலும், "நம்ம பேங்க் தம்பி இருக்காரே"ன்னு ஒருத்தன் மாட்டுவான். செம்பூர்ல இருக்கற எனக்கு மாட்டுங்கா பக்கத்துல இருந்து போன் வந்தது அப்படித்தான்.

சின்ன கூட்டுறவுக் கடன் சங்கம். பேர் வேண்டாம். உறுப்பினர்ல பாதிப்பேர் தாராவி. விடியக்காலையில இட்லிப் பாத்திரத்தைத் தலையில வச்சுக்கிட்டு ஊர் முழுக்க விக்கப் போறவங்க, தோல் பட்டறையில வேலை பார்க்கறவங்க. தினமும் அம்பது, நூறுன்னு ஏஜெண்ட் கிட்ட கட்டுவாங்க. இந்தத் தினச் சேமிப்புக்கு இங்க பிக்மின்னு பேரு. 1928-ல சிண்டிகேட் பேங்க் ஆரம்பிச்ச திட்டம். அந்த பேங்கே 2020-ல கனரா பேங்க்கோட சேர்ந்துடுச்சு, பேரு மட்டும் இன்னும் நிக்குது.

சங்கத்தோட மொத்தக் கணக்கும் ஒரே ஒரு பழைய சர்வர்ல. அது தானா நின்னு தானா கிளம்ப ஆரம்பிச்சிருந்தது. உள்ளே நாலு ஹார்டு டிஸ்க். புதுப் பொட்டிக்கு மாத்தறதுக்கு முன்னாடி டிஸ்க்கை எல்லாம் அப்படியே நகல் எடுக்கணும், அதாவது க்ளோன். மாட்டிக் கொடுத்த கம்பெனி கடையைச் சாத்திட்டுப் போயாச்சு. வேலை பார்க்க வந்தவர் தாராவியிலயே பிறந்து வளர்ந்த ஒரு தம்பி. அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம்.

இங்க ரெய்டு பத்தி ரெண்டு வரி. (வருமான வரி ரெய்டு இல்லைங்க!) 1988-ல பெர்க்லி பல்கலைக்கழகத்துல பேட்டர்சன், கிப்சன், காட்ஸ்னு மூணு பேர் எழுதின கட்டுரையில வந்த பேரு. விலை குறைஞ்ச டிஸ்க் பலதைச் சேர்த்து ஒண்ணா ஓட்டறது. அதுல முதல் வகை மிர்ரர். ஒரு டிஸ்க்ல எழுதறது அப்படியே இன்னொண்ணுலயும் எழுதப்படும். ஒண்ணு செத்தா மத்தது தாங்கும். சங்கத்து சர்வர்ல இருந்தது ரெய்டு 10. நாலு டிஸ்க், ரெண்டு ஜோடி. கணக்கைத் துண்டு துண்டா வெட்டி, ஒரு துண்டு முதல் ஜோடிக்கு, அடுத்த துண்டு ரெண்டாம் ஜோடிக்குன்னு மாத்தி மாத்திப் போடும். ஆக ஒவ்வொரு ஜோடியிலயும் பாதிக் கணக்குத்தான். முழுசா வேணும்னா ஜோடிக்கு ஒண்ணா ரெண்டு நல்ல டிஸ்க் வேணும்.

நாலு டிஸ்க் முகப்புலயும் ஸ்கெட்ச் பேனாவால 1, 2, 3, 4ன்னு எழுதி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாங்க. சர்வர் கிளம்பும்போது வர்ற கண்ட்ரோலர் மெனுவைத் திறந்தா ஒரு வரி: ஸ்லாட் 3, ஃபெயில்டு. எப்பவோ ஒரு டிஸ்க் படுத்திருக்கு. அலாரம் கத்தியிருக்கும். கத்துதேன்னு யாரோ வாயை அடைச்சுட்டாங்க.

கமிட்டிப் பெரியவர் ஒருத்தர் அவசரப்பட்டார். "அதான் மூணு போயிருச்சுன்னு சொல்லுதுல்ல. மூணைத் தூக்கிப் போட்டுட்டு நாலை க்ளோன் எடுங்கப்பா."

தம்பி சிரிச்சுக்கிட்டே, "அண்ணாச்சி, ஸ்டிக்கர் ஒண்ணுல ஆரம்பிக்குது. பொட்டி ஜீரோவுல ஆரம்பிக்கும்"னார்.

எனக்கு அப்பத்தான் வயித்துல புளி கரைச்சது. பொட்டி எண்றது 0, 1, 2, 3. அது சொல்ற மூணு, ஸ்டிக்கர்ல நாலு. ஸ்டிக்கர்ல மூணா இருக்கறது பொட்டிக்கு ரெண்டு, அதாவது அந்த ஜோடியில உயிரோட இருக்கற ஒரே டிஸ்க். பெரியவர் சொன்னபடி செஞ்சிருந்தா நல்லதைத் தூக்கிப் போட்டுட்டு, செத்ததை நகல் எடுத்திருப்போம்.

தம்பி செஞ்ச வரிசை இது. உங்களுக்கும் உதவும்:

1. கண்ட்ரோலர் மெனுவுல எது எதோட ஜோடின்னு பார்த்தார். ஸ்பான் 0: ஸ்லாட் 0, 1. ஸ்பான் 1: ஸ்லாட் 2, 3. திரையைப் போட்டோ எடுத்துக்கிட்டார். ஒவ்வொரு டிஸ்க்கோட சீரியல் நம்பரையும் நோட்டுல எழுதினார்.

2. கரண்டை நிறுத்தினப்புறம்தான் டிஸ்க்கை வெளிய இழுத்தார். லேபிள்ல இருக்கற சீரியல் நம்பரை நோட்டோட ஒத்துப் பார்த்து, ஸ்டிக்கரைக் கிழிச்சுப் போட்டு, புது எண் ஒட்டினார்.

3. ரெய்டு வேலை செய்யாத சாதா கார்டுல மாட்டி, லினக்ஸ்ல, படிக்க மட்டும், எழுத முடியாதபடி வச்சு, நாலையும் தனித்தனி ஃபைலா நகல் எடுத்தார். செத்ததா சொன்னதையும் விடலை. அது மெதுவா, ஆனா முழுசாப் படிச்சது.

4. ஜோடி சரிதானான்னு நகல்ல சோதிச்சார். முழு டிஸ்க்கோட ஹாஷ் ஒத்துப் போகாது. கண்ட்ரோலர் தன் சொந்தக் குறிப்பை டிஸ்க் கடைசியில எழுதி வைக்கும், அது ஒவ்வொண்ணுக்கும் வேற. அதனால நடுவுல பல இடத்துல, வெறும் ஜீரோவா இல்லாத பகுதியா எடுத்து ஒப்பிட்டார். டிஸ்க் பாகம் பிரிச்ச அட்டவணை முதல் ஜோடியோட தலையிலதான் இருக்கும். 0-லயும் 1-லயும் இருந்தது. 2, 3-ல இல்லை.

0-மும் 1-மும் அச்சு அசல். 2-மும் 3-மும்? பழைய பகுதியெல்லாம் ஒத்துப் போகுது, பல இடத்துல வேற வேற. கண்ட்ரோலர் பதிவேட்டைப் பார்த்தா காரணம் தெரிஞ்சது. ஸ்லாட் 3 படுத்து ஏழு மாசம். அன்னைக்கு நின்ன கடிகாரம் மாதிரி, ஏழு மாசத்துக்கு முந்தின கணக்கோட நிக்குது.

0-வையும் 3-ஐயும் சேர்த்திருந்தா என்ன ஆகும்னு தம்பி விளக்கினார். ஒரு துண்டு நேத்திக்கி, அடுத்த துண்டு ஏழு மாசம் முன்னாடி. கிழிஞ்ச லெட்ஜர்ல வேற வருஷத்துப் பக்கத்தை ஒட்டினாப்ல. டேட்டாபேஸ் திறக்காமப் போனா நல்லது, பிரச்சினைன்னு தெரிஞ்சுடும். திறந்துட்டா? ஒரு இட்லிக்காரம்மா ஏழு மாசம் கட்டினதுல எது இருக்கு, எது இல்லைன்னு யாருக்குத் தெரியும்?

0-வும் 2-ம் சேர்த்து நகல்ல இருந்து ஓட்டினப்போ டேட்டாபேஸ் சோதனை தேறிச்சு. அதோட விடக்கூடாதுன்னு நான் சொன்னேன். பொட்டி சரின்னு சொல்றது வேற, கணக்கு சரின்னு சொல்றது வேற. ட்ரயல் பேலன்ஸ் எடுத்தோம், டேலி ஆச்சு. கடைசி நாள் ரொக்க இருப்பை கேஷியர் கையால எழுதின புத்தகத்தோட பார்த்தோம், பைசா சுத்தம். அப்புறம் ஏஜெண்டுங்க கிட்ட இருந்த வசூல் சீட்டுல இருபது கணக்கைக் கண்ணை மூடி எடுத்து, பாஸ்புக்கோட வச்சுப் பார்த்தோம். இருபதும் ஒத்துப் போச்சு. அதுக்கப்புறம்தான் புது சர்வருக்கு மாத்தச் சொல்லி கமிட்டி கையெழுத்துப் போட்டது.

வங்கிக்காரன் பார்வையில ஒண்ணு. மிர்ரர்ங்கறது கார்பன் காப்பி. மேல் தாள்ல தப்பா எழுதினா கீழயும் தப்பாத்தான் விழும். அழிச்சா ரெண்டுலயும் அழியும். ரெண்டும் ஒரே பொட்டிக்குள்ள வேற. 2005 ஜூலை 26-ல சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் மழை கொட்டினதை மறக்க முடியுமா? தரைத்தளத்துல வச்ச பொட்டிக்குத் தண்ணி வந்தா ஜோடியும் சேர்ந்துதான் முங்கும். சின்ன இடம்தான்னு இல்லை. 2021 பிப்ரவரி 24-ல தேசியப் பங்குச் சந்தையே காலை 11:40-க்கு நின்னு சாயங்காலம் 3:45-க்குத்தான் திரும்ப ஓடிச்சு. ரெண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களோட லைன் வச்சிருந்தும்! எல்லாத்தையும் ரெண்டா வச்சா மட்டும் போதாது. ரெண்டுல ஒண்ணு எப்பச் செத்துதுன்னு யாராவது பார்த்துக்கிட்டே இருக்கணும்.

நம்ம வீட்டுக் கதைக்கு வருவோம். வெளியூர்ல இருக்கற பலர் குழந்தைங்க போட்டோ, ஊர்க் கல்யாண வீடியோ எல்லாம் ரெண்டு டிஸ்க் போட்ட சின்னப் பொட்டியில வச்சிருக்கீங்க. அதுவும் பெரும்பாலும் இதே மிர்ரர்தான். இந்த ஞாயித்துக்கிழமை ஒரு வேலை பண்ணுங்க. எந்த ஸ்லாட்ல எந்த சீரியல் நம்பர்னு ஒரு தாள்ல எழுதிப் பொட்டி மேல ஒட்டுங்க. ரெண்டு விளக்கும் பச்சையான்னு பாருங்க. வேற ஊர்ல, தம்பி வீட்டுலயோ மச்சான் வீட்டுலயோ, தனியா ஒரு நகல் வையுங்க.

பி.கு: டிஸ்க்கை வேற சர்வர்ல மாட்டும்போது "ஃபாரின் கான்ஃபிகரேஷன்"னு கேட்டு, இம்போர்ட்டா க்ளியரான்னு ரெண்டு வழி காட்டும். விண்டோஸ்ல மாட்டினா "இனிஷியலைஸ்" பண்ணட்டுமான்னு கேட்கும். நகல் எடுத்து முடிக்கற வரைக்கும் எதையும் அமுக்காதீங்க. கையை மடியில வச்சுக்கிட்டு உக்காருங்க.