அகமதாபாத் வெயிலும் ஒரு மரணச் சீட்டும்

பருவநிலை மாற்றம்னு கூகிள்ல தேடினா பனிக்கரடி படமா வந்து கொட்டுது. நமக்கும் பனிக்கரடிக்கும் என்னங்க சம்பந்தம்? எனக்கு இந்தப் பேச்சை எடுத்தாலே ஞாபகத்துக்கு வர்றது அகமதாபாத் வெயில்தான்.

வேலை நிமித்தமா ரெண்டு வருஷம் அங்க மணிநகர்ல குப்பை கொட்டினேன். தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கிற ஏரியா, அதனால இட்லிக்குப் பஞ்சமில்லை :-) 2010 மே 21ஆம் தேதி அந்த ஊர்ல 46.8 டிகிரி. எங்க தெரு முனையில தகரக் கூரைக்குக் கீழ ஒரு காகா (பெரியவரை அங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க) கரிப்பெட்டி வச்சு இஸ்திரி போடுவார். மேல தகரம், கையில நெருப்பு. "மத்தியானம் கொஞ்சம் படுங்களேன் காகா"ன்னா, "படுத்தா துணியை யாரு பேட்டா முடிப்பா?"ம்பார். அந்த வாரமே ஒருநாள் துணி மூட்டை மேல சாய்ஞ்சவர் எழுந்திரிக்கலை. ஆஸ்பத்திரியில மாரடைப்புன்னு சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. வெயில்ங்கிற வார்த்தையே அதுல இல்லை.

வெயில் இப்படித்தான் கொல்லும். வெள்ளம் வந்தா டிவியில காட்டலாம். வெயில், ஏற்கெனவே இருக்கிற இதய நோய், சிறுநீரகக் கோளாறு மேல ஏறி உக்காந்து கதையை முடிச்சிடும். பழி நோய் மேல போயிடும்.

பின்னால ஆராய்ச்சியாளர்கள் சீட்டை நம்பாம வேற கணக்குப் போட்டாங்க. அந்த மே மாசம் ஊர்ல மொத்தம் எத்தனை சாவு, 2009, 2011 மே மாசங்கள்ல எத்தனை? வித்தியாசம் 1,344. அதுல எங்க காகாவும் ஒருத்தர்னு நான் நம்பறேன்.

இந்த அதிர்ச்சியிலதான் 2013ல அகமதாபாத் மாநகராட்சி வெப்பச் செயல் திட்டம் கொண்டு வந்தது. தெற்காசியாவிலேயே முதல். பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. முன்கூட்டியே கலர் கலரா எச்சரிக்கை, மொபைலுக்கு குறுஞ்செய்தி, தண்ணீர்ப் பந்தல், டாக்டர்களுக்குப் பயிற்சி. அப்புறம் குடிசைப் பகுதிகள்ல கூரைக்கு வெள்ளையடிச்சாங்க. அங்க ஒரு ஆஸ்பத்திரியில, மொட்டை மாடிக்கு நேர் கீழ இருந்த பிரசவ வார்டை கீழ்த்தளத்துக்கு மாத்தினதுலயே, வெயிலால பாதிக்கப்படற பச்சைக் குழந்தைங்க எண்ணிக்கை குறைஞ்சிருக்கு! வார்டை மாத்த எத்தனை கோடி ஆகும், சொல்லுங்க? திட்டம் வந்தப்புறம் ஆண்டுக்கு சராசரியா சுமார் 1,190 சாவு தவிர்க்கப்பட்டிருக்கும்னு 2018ல வந்த ஓர் ஆய்வு மதிப்பிடுது.

ஆனா ஒரு ஓட்டை இருக்கு. "மத்தியானம் வெளிய போகாதீங்க"ன்னு குறுஞ்செய்தி வரும். தினக்கூலிக்காரர் போகலைன்னா ராத்திரி அடுப்பு எரியாது. போகாம இருந்தாலும், தகரக் கூரை வீட்டுக்குள்ள வெளியை விட புழுக்கம். அதே ஊர்ல பிறந்த சேவா பெண்கள் அமைப்பு இதுக்கு ஒரு காப்பீடு முயற்சி பண்ணுது. வெப்பம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினா உறுப்பினருக்கு ஒரு சின்னத் தொகை வந்துடும். யாரும் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டி நிரூபிக்க வேண்டாம். எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது.

நம்ம தமிழ்நாடும் 2024 அக்டோபர்ல வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சது. வெப்ப அலையில இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல விஷயம், கைதட்டலாம். ஆனா இறப்புக்குக் காரணம் வெயில்தான்னு சான்று வேணும். மறுபடி அதே சீட்டு! உடம்புச் சூடு எவ்வளவு, எத்தனை மணி நேரம் வெயில்ல நின்னார்னு கேட்டு எழுதற டாக்டர் இல்லைன்னா அரசாணை காகிதத்துலயே தூங்கும்.

மருத்துவர்களா இருக்கிற பதிவர்கள் நம்மில சிலர் உண்டு. இந்தக் கோடையில சீட்டு எழுதும்போது அந்த ரெண்டு கேள்வியையும் கேட்டுடுங்க சார்.