கிணற்றுக்கு முறை உண்டு, போருக்கு இல்லை

டண்டி, ஸ்காட்லாந்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்த ஊரில் மழைக்குப் பஞ்சமே கிடையாது. குடையை மறந்துவிட்டு வெளியே போனவனைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள். ஊரை ஒட்டி ஓடும் டே ஆறு, பிரிட்டனிலேயே அதிகத் தண்ணீரைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆறு. இப்படிப்பட்ட நாட்டில், ஒரு விவசாயி தன் நிலத்தில் தன் காசில் போர் போட்டு நாளொன்றுக்கு 10 கனமீட்டருக்கு மேல் எடுத்தால் சுற்றுச்சூழல் துறையில் பதிய வேண்டும். 50 கனமீட்டரைத் தாண்டினால் உரிமம் வாங்க வேண்டும். 10 கனமீட்டர் என்பது 10,000 லிட்டர். நம்மூர்க் கணக்கில் ஒரு டேங்கர் லாரி. 2022 கோடையில், ஆற்றுக்கு அக்கரையில் ஃபைஃப் வட்டாரத்தின் ஈடன் ஆறு வற்றியபோது, உரிமம் வைத்திருந்தவர்களையும் எடுக்காதே என்று நிறுத்திவிட்டார்கள். முணுமுணுத்தார்கள், ஆனால் நிறுத்தினார்கள்.

எங்கள் ஊர் நாச்சியாபுரத்துக்கு வருவோம். ஊர் குன்றக்குடிப் பக்கம், காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். செம்மண், செம்புரான் கல், பொய்க்காத வெயில், பொய்க்கிற மழை. எங்கள் பக்கத்தில் ஒருவர் தோட்டத்தில் எத்தனை நூறு அடி இறக்கி எவ்வளவு எடுத்தாலும், எடுத்ததை எழுதி வைக்க ஒரு ரிஜிஸ்டர் கிடையாது. கிணறு தோண்ட ஊராட்சியில் அனுமதி வாங்க வேண்டும் என்று 2015-இல் ஒரு விதி வந்தது உண்மை. மூடாத குழிகளில் பிள்ளைகள் விழுந்து செத்ததால் வந்த விதி அது. குழியை மூடினாயா என்று கேட்கும். குழியிலிருந்து என்ன எடுத்தாய் என்று கேட்காது.

நான் இங்கே படிப்பதும் சொல்லிக்கொடுப்பதும் நீர்ச் சட்டம். ஊரில் இதைச் சொன்னால், “அதுக்குக் கூடவா சட்டம் படிக்கணும்?” என்பார்கள். டண்டியில் படிக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். இங்குள்ள பல்கலைக்கழகத்தின் நீர்ச் சட்ட மையம் 2006-இல் யுனெஸ்கோவின் அரவணைப்பில் வந்தது. நைல் கரையிலிருந்தும் மீகாங் கரையிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். ஆறு எந்த நாட்டில் பிறக்கிறது, எந்த நாட்டில் வற்றுகிறது என்பதுதான் அவர்கள் கவலை. 2025 ஏப்ரலில் இந்தியா சிந்து நதி ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்ததிலிருந்து தேநீர் இடைவேளைகளில் என்னைச் சுற்றிக் கூட்டம். 1960-இல் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், மூன்று போர்களைத் தாண்டியது. நானும் விளக்கம் சொல்கிறேன். ஆறுகளைப் பற்றிப் பேச எப்போதும் ஆள் உண்டு.

நம் நாட்டிலும் அப்படித்தான். காவிரிக்கு 1892, 1924 உடன்படிக்கைகள், 1990-இல் நடுவர் மன்றம், 2007-இல் இறுதித் தீர்ப்பு, 2018-இல் உச்ச நீதிமன்றம். முல்லைப் பெரியாறுக்கு 1886-இல் 999 ஆண்டுக் குத்தகை. இவற்றைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. ஆனால் எங்கள் ஊரில் வயலுக்கும் வீட்டுக்கும் வருகிற தண்ணீரில் பெரும்பங்கு ஆற்றிலிருந்து வருவதில்லை, தரைக்கடியிலிருந்து வருகிறது. அதற்கு என்ன சட்டம் என்று தேடிப் போனால், 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தில், ஏழாம் பிரிவின் கீழே, ஓர் உதாரணத்தில் போய் நிற்போம். குறிப்பிட்ட ஓடுபாதை இல்லாமல் நிலத்தடியில் கிடக்கும் நீரை, நிலத்தின் சொந்தக்காரர் தன் எல்லைக்குள் திரட்டிக்கொள்ளலாம். அவ்வளவுதான் சாரம். சட்டப் பிரிவு கூட இல்லை, பிரிவுக்குக் கொடுத்த உதாரணம்! அந்தச் சட்டம் முதலில் அமலான இடங்களில் சென்னை மாகாணமும் ஒன்று.

இது எங்கிருந்து வந்தது? லங்காஷயரில் ஒரு பஞ்சாலைக்காரரின் கிணறு, பக்கத்து நிலத்தில் நிலக்கரிச் சுரங்கம் வெட்டியதால் வற்றிப்போனது. வழக்கு 1843-இல் தீர்ப்பானது. தரைக்கடியில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது, தெரியாத ஒன்றில் பக்கத்து நிலத்துக்காரருக்கு உரிமை கொடுக்க முடியாது என்பது நீதிபதிகளின் போக்கு. அன்றைய அறிவுக்கு அது சரி. நீரியல் அப்போது கைக்குழந்தை. பிறகு நீரியல் வளர்ந்தது. 1963-இல் இங்கிலாந்தே அந்தக் கொள்கையை விட்டுவிட்டு, நிலத்தடி நீருக்கும் உரிமம் என்று சட்டம் போட்டுக்கொண்டது. பெற்ற வீடு கழித்துக் கட்டியதை நாம் இன்னும் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம். 1843-இல் சுரங்கத்திலும் கிணற்றிலும் இறைக்க மனிதக் கை, மாடு, மிஞ்சிப்போனால் நீராவி. நம் ஊரில் 1990-இலிருந்து எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம். கமலை காலத்து உரிமையை நீர்மூழ்கி மோட்டாரிடம் கொடுத்துவிட்டோம். இலவச மின்சாரத்தை நான் குறை சொல்லவில்லை. எங்கள் பக்கத்துச் சிறு விவசாயிக்கு அது இல்லாவிட்டால் விவசாயமே இல்லை. உரிமைக்கு அளவு வைக்காததுதான் குறை.

அளவு வைக்கத் தமிழ்நாடு முயலாமல் இல்லை. 1987-இல் சென்னைக்கும் அதைச் சுற்றிய கிராமங்களுக்கும் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. 2003-இல் மாநிலம் முழுமைக்கும் நிலத்தடி நீர் மேம்பாடு, மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. அதிகார அமைப்பு, கிணறுகளுக்குப் பதிவு, அறிவிக்கப்பட்ட பகுதிகளில் புதுக் கிணற்றுக்கு அனுமதி, எல்லாம் அதில் உண்டு. ஒன்றே ஒன்று இல்லை: அமலாகும் தேதி. அந்தத் தேதியை அறிவிக்கவே இல்லை. பத்து ஆண்டுகள் கோப்பில் கிடந்துவிட்டு, 2013-இல் சட்டமே நீக்கப்பட்டது. ஒரு நாள் கூட உயிரோடு இல்லாத சட்டத்துக்குச் சாவுச் சான்றிதழ் கொடுத்த மாதிரி. இரண்டு பெரிய கட்சிகளும் இதற்குள் மாறி மாறி ஆண்டன, ஆகவே இதில் யாரையும் தனியே கை காட்ட வேண்டியதில்லை. அதன்பின் அரசாணைகளில்தான் வண்டி ஓடுகிறது. நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பிர்காக்கள் எவை என்று பட்டியல் உண்டு. ஆலைகள் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அரசாணையை அடுத்த அரசாணை மாற்றும்.

நீதிமன்றங்களாவது கை கொடுத்தனவா? பாலக்காட்டுப் பக்கம் பிளாச்சிமடையில் கோலா ஆலை வழக்கில், கேரள உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2003 டிசம்பரில், நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் காவலாளி என்று சொன்னார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. சிவகங்கை மாவட்டத்துக்காரர்களுக்கு அதே காலத்துப் படமாத்தூர் கோலா ஆலை எதிர்ப்பும் நினைவிருக்கும். எனக்கு வியப்பான இடம் வேறு. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் காவிரியில் தமிழ்நாட்டின் பங்கை 419-இலிருந்து 404.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, தமிழ்நாட்டின் டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது, அதில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் சேர்க்கலாம் என்பது. ஆக, பங்கைக் குறைக்கும்போது நிலத்தடி நீர் கணக்கில் வருகிறது. அந்த 10 டி.எம்.சி.யை யார் எடுக்கலாம், எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்கும் சட்டம் மட்டும் வரவில்லை. வகுப்பில் இதைச் சொன்னபோது சூடானிலிருந்து வந்த மாணவி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் அப்பா பத்திரம் எழுதுகிறவர். விடுமுறைகளில் அவருக்குப் படி எடுத்துக் கொடுத்ததில்தான் இந்தத் துறைக்கு எனக்குப் பழக்கம் உண்டானது என்று சொல்ல வேண்டும். பாகப்பத்திரங்களில் கிணறு வரும் இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நிலத்துக்கு நான்கு எல்லை சொன்ன பிறகு, கிணற்றில் பொதுவில் நாலில் ஒரு பாகம், இறைத்துப் பாய்ச்சும் முறை, மாமூல் வாய்க்கால் பாத்தியம், தூர் வாரும் செலவில் நாலில் ஒன்று என்று போகும். எந்தப் பங்காளிக்கு எந்தக் கிழமை என்று எழுதியதும் உண்டு. ஒருவர் முறையில் இன்னொருவர் இறைத்தால் பஞ்சாயத்து நடக்கும், மிஞ்சினால் தேவகோட்டை கோர்ட். பிறகு ஒவ்வொரு பங்காளியும் தன் துண்டில் தனி போர் இறக்கினார். அன்றிலிருந்து பத்திரத்தில் தண்ணீர் இல்லை. போரும் மோட்டாரும் சர்வீஸ் எண்ணும் சேர்த்துக் கிரயம் என்று ஒரு வரி, அதுவும் சொத்துக் கணக்குக்காக. கிணற்றுக்கு முறை இருந்தது, போருக்கு இல்லை. நடுவில் கிடந்த பொதுக் கிணறுகள் வற்றி, எங்கள் பக்கம் பாதிக்கு மேல் குப்பைக்குழி ஆயின.

ஊரணிக் கதையும் இதை ஒட்டித்தான். செட்டிநாட்டு ஊரணிகளைப் படம் பிடிக்க இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். செம்புரான் கல் படித்துறை, வரத்துக்கால், குடிக்கிற ஊரணி தனி, குளிக்கிற ஊரணி தனி. குடிக்கிற ஊரணியில் கால் வைக்கக் கூடாது. குடத்தைச் சாய்த்துத்தான் மொள்ள வேண்டும். கலங்கல் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவந்து, பானையின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டால், விடிவதற்குள் அடியில் மண்டி, மேலே தெளிவு. இதைச் சொன்னால் இங்கே எல்லோருக்கும் பிடிக்கும். சமூகமே தன் நீரை ஆண்டது என்று குறித்துக்கொள்வார்கள்.

அந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்துவேன். லண்டன் கீழையியல் ஆப்பிரிக்கவியல் பள்ளியின் மானுடவியலாளர் டேவிட் மோஸ், 1980-களில் நம் சிவகங்கை, ராமநாதபுரம் கண்மாய்க் கிராமங்களில் வந்து தங்கி ஆராய்ந்தவர். அவர் 2003-இல் வெளியிட்ட நூல், கண்மாய்கள் ஒற்றுமையான கிராம சமூகத்தின் சின்னம் என்ற கதையை உடைத்தது. மடை திறந்ததும் மறுகால் போனதும் சாதியும் ஜமீன் அதிகாரமும் கௌரவமும் சேர்ந்து நடத்திய காரியம் என்றார். எங்களுக்கு அது செய்தியில்லை. குடிக்கிற ஊரணியின் படித்துறையில் எல்லோரும் இறங்க முடியாது என்பது ஊரில் பிறந்த யாருக்குத் தெரியாது? இந்திய நீர்ச் சட்டத்தின் முதல் பெரிய வழக்கறிஞர் யார் என்று மாணவர்கள் கேட்டால் நான் அம்பேத்கரைச் சொல்கிறேன். 1927-இல் மகாத் குளத்தில் இறங்கி, பத்து ஆண்டுகள் வழக்கு நடத்தி, 1937-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வென்றார். கிணறு, குளம், படித்துறை என்று அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் வருவது அந்தப் பாதையில்தான். ஆகவே பழைய முறை அப்படியே திரும்ப வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். முறை என்ற ஒன்று வேண்டும், அது எல்லோருக்கும் பொதுவாக வேண்டும்.

இதையெல்லாம் ஏன் நம் பிள்ளைகள் படிப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். இந்தியாவின் முதல் தேசிய நீர்க் கொள்கையை 1987-இல் வரைந்த ராமசாமி ஆர். ஐயர் வக்கீல் அல்ல, அரசு அதிகாரி. ஓய்வுக்குப் பிறகுதான் நீரைப் பற்றி ஓயாமல் எழுதினார். இந்திய நீர்ச் சட்டங்களைப் பற்றி 2009-இல் அவர் தொகுத்த நூல் இன்றும் என் மேசையில் இருக்கிறது. அவருக்குப் பின் தமிழர்களில் பொருளாதாரம் படித்தவர்கள் வந்தார்கள், பொறியாளர்கள் வந்தார்கள். வக்கீல்கள் குறைவு. நில வழக்கில் ஃபீஸ் உண்டு, நீரில் இல்லை என்று ஒரு நண்பர் சொன்னார். நியாயம்தான், வயிறு இருக்கிறதே.

காரைக்குடியில் இப்போது அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: நீர்ச் சட்டம் படிக்க டண்டிக்கு வர வேண்டியதில்லை, வந்தால் சந்தோஷம். உங்கள் ஊராட்சியின் புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஊரணிக்கு வரத்துக்கால் எந்தப் புல எண் வழியாக வருகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பாருங்கள். காகிதத்தில் ஓடை, தரையில் பிளாட் என்று எத்தனை இடம் தேறுகிறது என்று எழுதுங்கள். 2007-இன் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தை அதோடு வைத்துப் படியுங்கள். அதுதான் முதல் பாடம்.

ஊரில் இருக்கிற ஆச்சிமார், அண்ணன்மார், அத்தைமாருக்கும் ஒரு வேண்டுகோள். கிணற்று முறை எழுதிய பழைய பாகப்பத்திரமோ, ஊரணிக் கணக்கோ, கண்மாய் மடை வழக்குக் கட்டோ உங்கள் பெட்டகத்தில் கிடந்தால் கரையானுக்கும் பழைய பேப்பர்காரருக்கும் கொடுத்துவிடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து ஆசிரியருக்கு அனுப்பி வையுங்கள். பெயரும் புல எண்ணும் மறைத்துவிட்டாலும் பரவாயில்லை, முறை எழுதிய வரி மட்டும் தெரிந்தால் போதும். அடுத்த முறை யாராவது இந்த மாநிலத்துக்கு நிலத்தடி நீர்ச் சட்டம் எழுத உட்காரும்போது, 1843-இன் லங்காஷயரிலிருந்து தொடங்காமல் இதிலிருந்து தொடங்கட்டும்.