கஞ்சியும் கரிசலும்

சோறு வடித்த கஞ்சியை என்ன செய்கிறீர்கள், சகோதரிகளே? சிலர் புடவைக்குப் போடுவீர்கள். பலர் சாக்கடைக்குத் தானம் செய்வீர்கள். அருப்புக்கோட்டைச் சீமையில் கஞ்சிக்குத் தனி மரியாதை உண்டு. அதைப் பார்த்து வரத்தான் போன புரட்டாசியில் பஸ் ஏறினேன்.

திருச்சுழிப் பாதையில் இரு பக்கமும் கரிசல். சீமைக்கருவேலம் விட்டுவைத்த நிலமெல்லாம் உழவு முடிந்து, வானத்தைப் பார்த்துக் காத்திருந்தது. திருச்சுழி, ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர். கோயில் சுவாமியின் பெயர் பூமிநாதர். பூமிக்கே நாதர்தான், ஆனால் அன்று குண்டாற்றில் மணல்தான் ஓடியது!

வழியில் ஒரு திண்ணையில் பாட்டி ஒருத்தி, முறத்தில் உளுந்து விதையைப் பரப்பி, ஆறிய கஞ்சியைத் தெளித்து, ஏதோ கறுப்புப் பொடியைப் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பாட்டி, உளுந்துக்கு மை பூசுகிறீர்களா?"

"மை இல்ல தாயி, உசுரு!"

விளையாட்டுப் பேச்சல்ல அது. அந்தப் பொடியில் இருப்பது ரைசோபியம் என்ற பாக்டீரியா. காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். ஆனால் செடியால் அதை நேரே உண்ண முடியாது. இந்த நுண்ணுயிர் வேர் முடிச்சுகளில் குடியிருந்து, நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஆகாரமாக்குகிறது. செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. முடிச்சைக் கிள்ளிப் பார்த்து உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஹாலந்து விஞ்ஞானி பெய்ரிங்க் இந்தப் பாக்டீரியாவை 1888-லேயே பிரித்தெடுத்தார். சோளத்துக்கும் பருத்திக்கும் அசோஸ்பைரில்லம் என்று வேறொரு சிநேகிதன் உண்டு.

ஹெக்டேர் விதைக்கு 200 கிராம் பொட்டலம் மூன்று போதும். பொடி விதையில் ஒட்டத்தான் கஞ்சி. பிறகு நிழலில் அரை மணி உலர்த்த வேண்டும்.

"வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயுமே?" என்றேன்.

"பச்சப்புள்ளயக் கொண்டுபோயி வெயில்ல போடுவாகளா?" என்று கேட்டாள் பாட்டி.

விதைக்குச் சீராட்டு இங்கே புதிதல்ல. பருத்தி விதையைச் சாணிக் கரைசலில் புரட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் விதைப்பது பழைய வழக்கம். இப்போது, அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

"அப்படியானால் இனிக் கவலை இல்லை!" என்றேன். பாட்டியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"மூணு வருசத்துக்கு முன்னாடி நல்லாத்தான் மொளச்சுச்சு. பெறகு மழயக் காணோம். உசுருக்கும் ஈரம் வேணுமில்ல தாயி?"

உண்மைதான். பாக்டீரியா மழையைக் கொண்டு வராது. ஆனால் மூட்டை மூட்டையாக உரத்தைக் கடனுக்கு வாங்கிப் போட்டபின் வானம் பொய்த்தால், பயிரோடு குடும்பமும் வாடுகிறது. பொட்டலத்தால் உரச் செலவு குறைகிறது. கடன் சுமையும் அந்த மட்டில் குறையும். புறப்படும்போது மூலையில் ஒரு மண்பானையைக் கவனித்தேன். பாதி விதை அதில் பத்திரமாக இருந்தது.

"அது ரெண்டாம் விதைப்புக்கு" என்றாள் பாட்டி.

ஐப்பசியில் ஒரு நாள் சென்னையில் மழை கொட்டியது. கொடியில் கிடந்த துணிகளை அள்ள ஓடினேன். வழக்கம்போல மழையைத் திட்ட வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். உள்ளே வந்ததும் செய்தியில் தேடியது ஒன்றே ஒன்றுதான்: திருச்சுழியில் எத்தனை மில்லிமீட்டர்?