நாற்றங்காலில் அறுவடையா?

கார்ப் பருவத்துக்கு நாற்றுப் பாவிய உழவன், நாற்றங்காலின் வரப்பில் நின்றுகொண்டு, "இது எத்தனை கோட்டை நெல் காணும்?" என்று கணக்குப் பார்ப்பதில்லை. விதை முளைத்ததா, நீர் எங்கும் எட்டியதா, நெருக்கி விழுந்த இடத்தில் நாற்று மெலிந்து நிற்கிறதா என்றே பார்க்கிறான். பறித்து நட்டு, களையெடுத்து, கதிர் முற்றிய பின்னரே அறுவடைப் பேச்சு எழும். சிற்றாற்று நீரை நம்பி வாழும் நமக்கு இதனை ஒரு குரு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், வயலில் நாம் மறவாத இவ்வுண்மையை நம் பிள்ளைகளின் விளையாட்டு மைதானத்தில் மறந்துவிடுகிறோமோ என்னும் ஐயமே என்னை இதனை எழுதத் தூண்டியது.

கோடை விடுமுறை பிறந்து, குற்றாலத்தில் சாரல் இறங்குவதற்கு முற்பட்ட நாட்களில் நம் ஊர்களில் சிறுவர் கால்பந்துப் போட்டிகள் களைகட்டும். சென்ற ஆண்டு அருகிலுள்ள ஓர் ஊரில் 12 வயதுக்கு உட்பட்டோருக்கென நடந்த சுழற்கோப்பைப் போட்டிக்கு மேலகரத்துச் சிறுவர்களும் சென்றனர். நானும் உடன் சென்றேன். பெரியவர்கள் ஆடும் அதே மைதானம், பக்கத்துக்கு 11 பேர், பெரியவர்களுக்குரிய அதே கோல் கம்பங்கள். அக்கம்பங்களின் இடைவெளி 24 அடி. உயரம் 8 அடி. அதனைக் காத்து நின்ற சிறுவனோ நான்கரை அடிக்கும் குறைவு. அவன் தலைக்கு மேலே பந்து பறந்து உள்ளே விழுந்த போதெல்லாம் கூட்டம் நகைத்தது. அவன் திறமைக் குறைவால் தோற்கவில்லை. உயரக் குறைவால் தோற்றான். உயரக் குறைவு ஒரு குற்றமா?

வலப்புற ஓரத்தில் நின்ற மெலிந்த சிறுவன் ஒருவனை மட்டும் நான் கூர்ந்து கவனித்தேன். அரை மணி நேர ஆட்டத்தில் பந்து அவன் காலை மும்முறை தொட்டது. எஞ்சிய நேரமெல்லாம் அவன் வெயிலில் ஓடினான், நின்றான், மற்றவரைப் பார்த்தான். கோட்டுக்கு வெளியே இன்னும் இருவர் சீருடை அணிந்து அமர்ந்திருந்தனர். ஆட்டம் முடியும் வரை அவர்களை எவரும் உள்ளே அழைக்கவில்லை. அணியை நடத்திய இளைஞர்கள் கல் நெஞ்சினர் அல்லர், அன்பான பிள்ளைகளே. ஆனால் மேசைமேல் மின்னிய கோப்பை அவர்களை அவ்வாறு கணக்கிட வைத்தது. வெல்லவேண்டும் என்றால் வலியவனிடமே பந்து போகவேண்டும். எளியவன் வெளியே இருக்கவேண்டும். அந்தக் கணக்கில் பிழையில்லை. கணக்குப் போட்ட இடந்தான் பிழை.

நாங்கள் ஊர் திரும்பியபோது கோவில் வாசலில் நின்றவர்களெல்லாம், "ஜெயித்தார்களா?" என்றே கேட்டனர். ஒரு மூதாட்டி மட்டும் அருகில் வந்து, "சாமி, என் பேரன் விளையாடினானா?" என்று கேட்டார். வெளியே அமர்ந்திருந்த இருவரில் ஒருவன் அவருடைய பேரன். "இல்லை, பாட்டி" என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. அன்று கேட்கப்பட்ட கேள்விகளில் அதுவே உயர்ந்த கேள்வி என்று இன்றும் கருதுகிறேன்.

அன்பர்களே, இது ஏதோ நம் ஊருக்கு மட்டும் உரிய குறையன்று. கால்பந்தையே உயிராகக் கருதும் நாடுகளும் இதே குறையைக் கண்டு, ஆட்டத்தின் அமைப்பையே மாற்றத் துணிந்துள்ளன. உலகக் கோப்பையை நான்கு முறை வென்ற ஜெர்மனி 2022-ஆம் ஆண்டில் ஒரு முடிவெடுத்து, 2024-25 பருவத்திலிருந்து அதனை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. அதன்படி 7 வயதுக்கு உட்பட்டோர் பக்கத்துக்கு இருவர் அல்லது மூவராகச் சிறிய களத்தில், நான்கு குட்டிக் கோல்களை வைத்து ஆடுகின்றனர். கோல் விழுந்ததும் ஆட்டக்காரர் முறைவைத்து மாறுகின்றனர். ஒரு சிறு ஆட்டம் முடிந்ததும் வென்றவர் ஒரு களம் மேலேயும் தோற்றவர் ஒரு களம் கீழேயும் செல்வதால், அடுத்த ஆட்டத்தில் ஏறத்தாழச் சமமானவரே எதிர் நிற்பர். இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 2012-இல் எடுத்த முடிவின்படி, 8 வயது வரை பக்கத்துக்கு 5 பேர், 10 வயது வரை 7 பேர், 12 வயது வரை 9 பேர் என்று படிப்படியாக அணி வளர்ந்தது. இளையோர் ஆட்டங்களுக்குப் புள்ளிப் பட்டியல் வெளியிடுவதும் நிறுத்தப்பட்டது.

நம் நாடும் பின்தங்கி நிற்கவில்லை. மிசோரம் மாநிலத்தில் 2016-இல் சிறுவர்க்கென 'நௌபாங் லீக்' தொடங்கியது; மிசோ மொழியில் 'நௌபாங்' என்றால் குழந்தைகள் என்பது பொருள். அதனை அடுத்து அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2018-இல் 'கோல்டன் பேபி லீக்' என்னும் திட்டத்தை அறிமுகப்படுத்தி, சிறுவரும் சிறுமியரும் சேர்ந்து, சிறு களத்தில், சிறு அணிகளாக ஆட வழி செய்தது.

இதன் உட்பொருள் எளிய கூட்டல் கழித்தலே. 22 பிள்ளைகளுக்கு ஒரு பந்து என்றால், கூச்சமுள்ளவன் ஒதுங்கி நிற்க எத்தனையோ இடமுண்டு. ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பந்து என்றால், எவனும் ஒதுங்கி நிற்க இயலாது. பந்து அவனைத் தேடி வந்தே தீரும். தொடத் தொடவே கால் பழகும்; பழகப் பழகவே அச்சம் நீங்கும்.

"தோல்வியை அறியாமல் வளரும் பிள்ளை நாளை வாழ்க்கையை எவ்வாறு எதிர்கொள்வான், சாமி?" என்று பெற்றோர் சிலர் என்னைக் கேட்டனர். நியாயமான கேள்வியே. ஆனால் புள்ளிப் பட்டியல் இல்லை என்பதற்காகப் பிள்ளைகள் கோல் கணக்கை மறப்பதில்லை. ஒவ்வொருவனும் விரல்விட்டு எண்ணிக்கொண்டேதான் ஆடுகிறான். தோற்றவன் அழுகிறான், பத்து நிமிடத்தில் அடுத்த ஆட்டத்துக்கு ஓடுகிறான். தோல்வியை அறிவதற்கு அதுவே போதும். நாம் நிறுத்தச் சொல்வது பெரியவர்கள் எழுதும் பேரேட்டை மட்டுமே. நார்வே நாடு 1987-இலேயே சிறுவர் விளையாட்டுக்கெனத் தனி விதிகளை வகுத்தது. அந்நாட்டில் 11 வயதுக்கு முன் முடிவுப் பட்டியலோ தரவரிசையோ வெளியிடப்படுவதில்லை. அதனால் அந்நாட்டார் வெல்லும் வேட்கையை இழந்தனரா? ஏறத்தாழ 55 இலட்சம் மக்களே வாழும் அச்சிறு நாடு, 2022-இல் பெய்ஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கப் பதக்கங்களுடன் முதலிடம் பெற்றது.

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பாரும் உளர். எல்லாப் பயிரும் முளையில் தெரிவதில்லை. 1980-களிலேயே கனடா நாட்டு ஆய்வாளர்கள் பனி ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்தபோது, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுதியாக இருக்கக் கண்டனர். காரணம் வேறொன்றுமில்லை. வயதுக் கணக்கு ஜனவரியில் தொடங்கியதால், ஒரே பிரிவில் ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவன், உயர்ந்தவன். அந்த உயரத்தைத் திறமை என்று எண்ணித் தேர்ந்தெடுத்தனர். தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்கே நல்ல பயிற்சியும் கிட்டியது. கால்பந்திலும் இதே போக்கு காணப்பட்டுள்ளது. பிந்திப் பிறந்த எத்தனை பிள்ளைகள் தங்களுக்குத் திறமை இல்லை என்று எண்ணி விலகினரோ!

கோப்பை ஆசை நம் மனச்சான்றையும் தீண்டுகிறது. வயதைக் குறைத்துக் காட்டி மூத்த பையனை இளையோர் அணியில் சேர்க்கும் தீய வழக்கம் நம் நாட்டில் உண்டு. அதனைத் தடுக்க, மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணிக்கும் அளவுக்குக் கால்பந்து அமைப்புகள் செல்ல நேர்ந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவர் யார்? அவனைப் பெற்றவரும் வளர்த்தவருமே அன்றோ!

திருச்சபையின் பிள்ளைகளாகிய நாம் இதனை இன்னும் ஆழமாக நோக்கக் கடமைப்பட்டுள்ளோம். திராட்சைத் தோட்ட உவமையில் மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளியில் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டபோது, எங்களை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்றனர். அவர்கள் சோம்பேறிகள் அல்லர்; அழைக்கப்படாதவர்கள். கோட்டுக்கு வெளியே சீருடையுடன் அமர்ந்திருக்கும் சிறுவனும் அவ்வாறே. தோட்ட உரிமையாளர் அவர்களையும் உள்ளே அழைத்தார்.

1841 டிசம்பர் 8-ஆம் நாள் தூரின் நகரில் நிகழ்ந்ததும் இதுவே. பூசைக்கு உதவி செய்யத் தெரியாத அனாதைச் சிறுவன் ஒருவனைக் கோவில் பணியாளர் அடித்து விரட்டினார். அதனைக் கண்ட இளங்குரு ஜான் போஸ்கோ, அவன் தம் நண்பன் என்று சொல்லித் திரும்ப அழைத்தார். படிக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்டார், தெரியாது என்றான். சீட்டியடிக்கத் தெரியுமா என்று கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. அந்தப் புன்னகையில் தொடங்கிய இளைஞர் பணியே பின்னர் சலேசிய சபையாய் வளர்ந்து, 1906-இல் நம் தஞ்சை மண்ணையும் வந்தடைந்தது. தெரிந்தவனைத் தேர்ந்தெடுத்திருந்தால் இவை யாவும் நிகழ்ந்திரா.

புனித சின்னப்பர் ஓட்டப் பந்தயத்தையும் பரிசையும் பற்றிப் பேசவில்லையா என்று கேட்கலாம். பேசினார். ஆனால் கொரிந்து நகருக்கு அருகே நடந்த போட்டிகளில் வென்றவர் சூடிய இலைமுடி வாடிவிடும் என்பதைச் சுட்டிக்காட்டி, வாடாத முடியை நாடச் சொல்லவே அவர் அந்த உவமையை எடுத்தார். அந்த வாடாத முடி ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஓடும் அனைவருக்கும் உரியது.

இவ்வாண்டு கோடை விடுமுறையில் எங்கள் மைதானத்தில் ஒரு சிறு மாற்றம் செய்தோம். ஒரே களத்தைச் சுண்ணாம்புக் கோடிட்டு நான்காகப் பிரித்தோம். பக்கத்துக்கு 5 பேர். ஆட்டம் 10 நிமிடம். மூங்கில் கழிகளால் ஆன சிறு கோல்கள். பெரியவர் ஆடும் 5-ஆம் எண் பந்துக்கு மாறாக 4-ஆம் எண் பந்து. கோல் காக்கும் பொறுப்பு முறைவைத்து மாறும். ஒவ்வொருவரும் அன்றைய ஆட்டத்தில் பாதிக்குக் குறையாமல் ஆடியே ஆகவேண்டும். சிறுமியரும் சேர்ந்தனர். கோப்பை இல்லை; முடிவில் அனைவருக்கும் பானகம்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. திறமை மிக்க இரு சிறுவர்களின் பெற்றோர், "இங்கே ஆடினால் என் மகனின் ஆட்டம் மழுங்கிவிடும்" என்று கூறி வேறிடம் அழைத்துச் சென்றனர். ஒருவன் இரு வாரத்தில் திரும்பினான், மற்றவன் வரவில்லை. அவ்வருத்தம் எனக்கு உண்டு. தம் மறைந்த தந்தையின் நினைவாகக் கோப்பை வழங்க முன்வந்திருந்த அன்பர் ஒருவரும் முதலில் மனம் நொந்தார். பலநாள் சிந்தித்தபின் அத்தொகையில் பன்னிரண்டு பந்துகளை வாங்கித் தந்தார். கோப்பையாக இருந்திருந்தால் அவர் தந்தையின் பெயர் ஒரு கண்ணாடி அலமாரிக்குள் இருந்திருக்கும். இன்றோ நாற்பது பிள்ளைகளின் கால்களில் உருள்கிறது. சென்ற ஆண்டு வெளியே அமர்ந்திருந்த அந்தப் பேரன் பெரிய ஆட்டக்காரனாகிவிடவில்லை. ஆனால் மாலை நான்கு மணிக்கு மைதானத்துக்கு முதலில் வருபவன் அவனே.

ஆகவே என் பணிவான வேண்டுகோள் இது. 12 வயது வரையிலான சிறுவர்க்குத் திருவிழாக் காலங்களில் நம் பங்குகள் நடத்தும் போட்டிகளில் கோப்பையை நிறுத்திவைப்போம்; களத்தைச் சுருக்குவோம்; அனைவரையும் ஆடவைப்போம். 13 வயதுக்குப் பின் கோப்பைகள் தாராளமாக வரட்டும். அப்போது அதனைத் தாங்கும் தோள்கள் இருக்கும். பெற்றோரே, மாலையில் வியர்வையோடு வீடு திரும்பும் மகனிடம், மகளிடம், "இன்று புதிதாக என்ன கற்றுக்கொண்டாய்? யாருக்குப் பந்தைக் கொடுத்தாய்?" என்று கேளுங்கள். பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடுமாறு பணித்த ஆண்டவர், அவர்களுள் ஒருவரையும் கோட்டுக்கு வெளியே நிறுத்தாத நல்மனத்தை நமக்கு அருள்வாராக.