டியூன் பிடிக்க ஒரு பெட்டி!

ராத்திரி ரெண்டு மணி. திருச்சியிலிருந்து சென்னை திரும்புற பஸ். ஜன்னல் சீட். பாதித் தூக்கத்தில் ஒரு மெட்டு வந்து உட்காருது. 'அட, சூப்பரா இருக்கே... காலையில கிடார்ல வாசிச்சுப் பார்த்துக்கலாம்'னு கண்ணை மூடுறீங்க. தாம்பரத்துல கண்டக்டர் எழுப்பும்போது நீங்க மட்டும்தான் இருப்பீங்க. மெட்டு விழுப்புரத்துலயே இறங்கிப் போயிருக்கும்!

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா? அப்போ வாங்க பாஸ், ரிச்சி தெரு வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரலாம்.

'அதான் கையில செல்போன் இருக்கே?'னு நீங்க கேட்குறது காதில் விழுது. நானும் அப்படித்தான் நினைச்சேன். ரெண்டு வருஷமா முனகினதெல்லாம் போனில்தான் கிடந்தது. நாற்பது துண்டு மெட்டு இருக்கும். அதில் ஒண்ணு, எங்க அப்பாயி பாடின தாலாட்டு. அதை வெச்சு கல்ச்சுரல்ஸுக்கு ஒரு பாட்டு பண்ணணும்னு பெரிய பிளான். ஹாஸ்டல் பாத்ரூம் பக்கெட்டுக்குள்ள போன் விழுந்த அன்னிக்கு எல்லாம் காலி. வேற எங்கேயும் காப்பி கிடையாது. என் மெட்டுகளை விடுங்க, திரும்ப முனகிக்கலாம். ஆனா, அப்பாயி அதுக்கு மூணு மாசம் முன்னாடியே போயிட்டாங்க.

அதனாலதான் கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த 2,500 ரூபாயோட கிளம்பினேன்.

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினாலும் சரி, சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கினாலும் சரி, நடக்கிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போயிடாதீங்க, பெரும்பாலான கடைகளில் ஷட்டரைத்தான் பார்க்கலாம். பேர்தான் ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் ரோடு, மீரான் சாகிப் தெரு எல்லாம் சேர்ந்த ஏரியாவுக்கே அந்தப் பேர். ஒரு காலத்தில் மீரான் சாகிப் தெரு சினிமா விநியோகஸ்தர்களின் கோட்டை. இப்போ திரும்பின பக்கமெல்லாம் ஒயர், சார்ஜர், சிசிடிவி, ஸ்பீக்கர். தள்ளுவண்டிக்கும் டூ-வீலருக்கும் நடுவில் நீங்க நடக்க மாட்டீங்க, கூட்டமே தள்ளிக்கிட்டுப் போகும்!

முதல் பெரிய கடை. கண்ணாடிக்குப் பின்னால் ஜூம், டாஸ்காம் கம்பெனி ரெக்கார்டர்கள். மேலே ரெண்டு மைக், நண்டுக் கொடுக்கு மாதிரி. விலையைக் கேட்டேன். கேட்டதோட சரி, தண்ணி குடிச்சுட்டு வெளியே வந்துட்டேன்.

ரெண்டாவது சந்து. மாடிப்படிக்குக் கீழே குட்டிக் கடை. பழைய சாமான், ரிப்பேர் எல்லாம் உண்டு. உள்ளே இருந்த அண்ணன் முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"என்னத்த ரெக்கார்ட் பண்ணப் போறீங்க தம்பி, கிளாஸ் லெக்சரா... பாட்டா?"

"பாட்டுண்ணே. சும்மா முனகுறது, கிடார்..."

"அப்போ மெகாபிக்ஸல் கேட்குற மாதிரி ஜிபி கேட்காதீங்க. நான் சொல்றதைக் கேளுங்க."

அவர் சொன்னதையும், நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்துத் தர்றேன். பிடிச்சுக்கோங்க!

முதல் டெஸ்ட், வேகம். ஆஃப் ஆகி இருக்கிற மெஷினைக் கையில் வாங்குங்க. பட்டனை அமுக்கினதிலிருந்து ரெக்கார்டிங் ஓடுற வரைக்கும் மனசுக்குள்ளே எண்ணுங்க. பத்து வரைக்கும் போச்சுன்னா வேணாம், மெட்டு காத்திருக்காது. இருட்டில் தடவிப் பார்த்தே அமுக்குற மாதிரி பட்டன் இருந்தா டபுள் ஓகே.

ரெண்டாவது, 'ஆட்டோ' சமாசாரம். மலிவு ரெக்கார்டர்கள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. சின்னச் சத்தத்தைத் தானா ஏத்தும், பெரிய சத்தத்தைத் தானா அமுக்கும். லெக்சருக்கு நல்லது, பாட்டுக்கு வில்லன்! மிருதங்கத்தில் ஓங்கி ஒரு 'தோம்' விழுந்தா, கூடப் பாடுற குரல் பொசுக்குனு பள்ளத்துக்குள்ள போயிடும். இரைச்சல் குறைக்கிற வசதி இன்னும் மோசம். சுருதிப் பெட்டி விடாம ஒரே மாதிரி ஒலிக்குது இல்லையா... அதை மின்விசிறி சத்தம்னு நினைச்சு அழிக்கப் பார்க்கும். பல செல்போன்களிலும் இதே கதைதான். லெவலைக் கையால் வைக்க முடியுமா, ஆட்டோவை அணைக்க முடியுமான்னு கேளுங்க.

மூணாவது, ஃபைல். 'வேவ்' ஃபார்மட்டில் பதியுமான்னு பாருங்க. சிடி தரத்தில் ஸ்டீரியோவா பதிஞ்சா நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும். 8 ஜிபி கார்டில் 12 மணி நேரம் தாராளமா பிடிக்கும். 128 கேபிபிஎஸ் எம்பி3-ன்னா நிமிஷத்துக்கு 1 எம்பிதான். மெட்டை ஞாபகம் வெச்சுக்க அதுவே போதும். ஆனா, நாளைக்கு அந்த ஒலியையே பாட்டில் சேர்க்கணும்னு தோணினா வேவ்தான் கைகொடுக்கும்.

நாலாவது, ஓட்டைகள். வெளி மைக் சொருக ஒரு ஓட்டை, ஹெட்போனுக்கு ஒரு ஓட்டை. பென்சில் பேட்டரி போடுற மாடல்னா பெட்டிக்கடையிலேயே உயிர் வாங்கிக்கலாம். யுஎஸ்பியில் சொருகினா பென் டிரைவ் மாதிரி ஃபைல் அப்படியே வரணும். ஆப் போடு, அக்கவுன்ட் திறன்னு சொன்னா கும்பிட்டுட்டு நகருங்க.

அஞ்சாவது, கார்டு. 64 ஜிபின்னு ஸ்டிக்கர் இருக்கும், உள்ளே நிஜமா 8 ஜிபிதான் இருக்கும். இப்படிப்பட்ட போலிகள் நாடு முழுக்க உலாவுது. பில் வாங்குங்க. ரூமுக்கு வந்ததும் கார்டு நிறையுற வரைக்கும் எதையாவது ஏத்தி, கடைசி ஃபைலைத் திறந்து பாருங்க.

கடைசியா ஒண்ணு. உங்க ஹெட்போனை எடுத்துட்டுப் போங்க. கடை வாசலிலேயே நாலு வரி முனகி, ஒரு கைதட்டு தட்டி, திரும்பப் போட்டுக் கேளுங்க. கைதட்டுல 'கர்ர்'னு கிழிஞ்சா லெவலைக் குறைச்சு இன்னொரு தடவை. அப்பவும் கிழிஞ்சா மெஷினைத் திருப்பிக் கொடுத்துடுங்க. ரிச்சி தெருவுல முனகுறதுக்கு வெட்கப்படாதீங்க, அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது!

நான் வாங்கினது ஒரு பழைய வாய்ஸ் ரெக்கார்டர். ஓரத்தில் கீறல், பின்மூடிக்கு ரப்பர் பேண்ட். லெவலைக் கையால் வைக்கலாம், வேவ் உண்டு, மைக் ஓட்டை உண்டு. 1,800 ரூபாய். மிச்சக் காசில் ரெண்டு பென் டிரைவ்.

'இந்த ஓட்டைப் பெட்டியில என்ன பெருசா வந்துடும்?'னு ரூம்மேட் சிரிச்சான். அவனுக்கு ரெண்டு கதை சொன்னேன். 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் கிடாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸ், தூக்கக் கலக்கத்தில் ஒரு கிடார் துணுக்கைச் சின்ன கேசட் ரெக்கார்டரில் வாசிச்சுட்டு அப்படியே தூங்கிட்டாராம். காலையில் ஓட்டிக் கேட்டா, கொஞ்சம் கிடார், மிச்சமெல்லாம் குறட்டை! 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டு அப்படித்தான் பிறந்ததுன்னு அவரே சொல்லியிருக்கார். அடுத்தவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். வீட்டில் நாலு டிராக் கேசட் ரெக்கார்டரில் மாதிரிக்குப் பாடி வெச்சார். அப்புறம் ஸ்டூடியோவில் பேண்டோடு முயற்சி பண்ணினார். அந்த உணர்வு வரலை. கடைசியில் அந்த கேசட்டில் இருந்ததையே 1982-ல் 'நெப்ராஸ்கா' ஆல்பமா வெளியிட்டாங்க!

ரூம்மேட் அப்புறம் சிரிக்கலை.

அடுத்த வாரமே லால்குடிக்கு பஸ் ஏறினேன். அப்பாயியோட தாலாட்டு அத்தைக்குப் பாதி ஞாபகம் இருந்துச்சு. திண்ணையில் ரெக்கார்டரை வெச்சு, பட்டனை அமுக்கினேன். பாடிக்கிட்டே வந்தவங்க நடுவில் நிறுத்தி, "இந்த எடத்துல எங்கம்மா வேற மாதிரி இழுப்பாங்கடா"ன்னாங்க. ரெண்டு தடவை தேடினாங்க. மூணாவது தடவை கிடைச்சுது. உள்ளே குக்கர் விசில், தெருவில் டிவிஎஸ் ஃபிஃப்டி, எல்லாமே பதிவாகியிருக்கு. அப்பாயி குரல் திரும்ப வரலை. ஆனா, அந்த இழுப்பு வந்துடுச்சு.

அன்னிக்கு ராத்திரியே ரெண்டு பென் டிரைவிலும் ஏத்தினேன். ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு அத்தை வீட்டு அலமாரியில்.

உங்க வீட்டிலும் யாராவது பாடிக்கிட்டு இருப்பாங்க. பெட்டி வாங்குற வரைக்கும் காத்திருக்க வேணாம். இன்னிக்கு போனிலேயே பதிஞ்சு, ரெண்டு இடத்தில் காப்பி போட்டுட்டு... அப்புறம் ரிச்சி தெருவுக்குக் கிளம்புங்க!