சுமை குறைந்தால் நடை கூடும்



திருகோணமலைக்கு வருகிறவர்களில் பலர் வானில் வந்து, வானிலேயே சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். குன்றும் குடாவும் மாறி மாறி வரும் இந்தத் துறைமுகப் பகுதியை நடந்து பார்த்தவர்களுக்கே அதன் முழு அழகும் தெரியும். சுப்ஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் அஸருக்குள் வீடு திரும்பிவிடலாம். அத்தகைய விரைவு நடைக்கு உங்களிடம் இருக்கவேண்டிய முதல் துணை எது தெரியுமா? முதுகில் மாட்டும் ஒரு சின்னப் பை!

"பையில் என்ன இருக்கிறது, எந்தப் பையானாலும் சரிதானே?" என்று கேட்காதீர்கள். இந்த மாவட்டத்தின் வரலாற்றிலேயே ஒரு பாடம் உண்டு. 1660ஆம் ஆண்டு மூதூரை அடுத்த கொட்டியாரக் குடாவில் வந்திறங்கிய ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், கண்டி மன்னரின் ஆட்களிடம் பிடிபட்டார். 19 ஆண்டுகளுக்கும் மேல் கைதியாக இருந்து, 1679இல் தோழர் ஒருவருடன் தப்பினார். சில்லறைப் பொருள் விற்கும் நடை வியாபாரிகளைப் போல இருவரும் புறப்பட்டு, அநுராதபுரக் காடுகளைக் கடந்து, மன்னார்ப் பக்கம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். நடை வியாபாரிக்குத் தோள் தாங்குவதுதானே உடைமை! பெரும் பொதியோடு கிளம்பியிருந்தால் அந்தப் பயணம் நடந்திருக்குமா?

இனி நம்முடைய நடைக்கு வருவோம். மூன்று வழிகளைச் சொல்கிறேன். ஒவ்வொன்றும் பையைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லித்தரும்.

முதலாவது, பிரட்றிக் கோட்டை. 1624இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1639இல் ஒல்லாந்தரிடம் விழுந்தது. இன்றைய பெயரை 1803இல் ஆங்கிலேயர் இட்டனர். உள்ளே புள்ளிமான்கள் அச்சமின்றி உலாவும். கோணேஸ்வரர் கோயில் இருக்கும் பாறை வரை ஏற்றம்தான். ஏறும்போது உடல் முன்னே சாயும். பை நீளமாக இருந்தால் அதன் அடி இடுப்புக்குக் கீழே இறங்கி, அடிக்கு அடி இடித்துக்கொண்டே வரும். ஆகவே பை கழுத்தடியில் தொடங்கி இடுப்பு எலும்போடு முடியவேண்டும். வாங்கும்போது அதன் உயரத்தைவிட உங்கள் முதுகின் உயரத்தையே பாருங்கள்.

இரண்டாவது, நகரிலிருந்து சுமார் எட்டு கிலோமீற்றர் தூரத்திலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. அங்கே குளிக்காமல் யார் திரும்புவார்? அப்படியானால் துவாயும் சாரனும் வேண்டும். திரும்பும்போது அவை நனைந்து கனத்துவிடும். எனவே ஈர உடுப்புக்கென்று தனியாக ஒரு பொலித்தீன் பை கட்டாயம். பெரிய பருத்தித் துவாய்க்குப் பதிலாக மெல்லிய துவாய் போதும்.

இந்தக் கன்னியா வழியில்தான் என்னோடு வந்த மாணவர் ஒருவர் பாதியிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். நாநாவின் பெரிய பையை இரவல் வாங்கி வந்திருந்தார். இடம் இருக்கிறதே என்று கண்டதையெல்லாம் திணித்திருந்தார். தண்ணீர் இல்லாமலில்லை, இரண்டு போத்தல் இருந்தது. ஆனால் அது எல்லாவற்றுக்கும் அடியில்! எடுக்கச் சோம்பி, தாகத்தோடேயே நடந்திருக்கிறார். நிழலில் படுக்கவைத்து, தண்ணீரும் ஜீவனியும் கொடுத்த பிறகே எழுந்தார். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது விளையாட்டல்ல, உயிர்ப் பிரச்சினை.

மூன்றாவது, கிண்ணியாப் பாலம். முன்பு படகுப் பாதையில் கடந்த இடத்தை, 2009 ஒக்டோபரில் திறந்த 396 மீற்றர் நீளப் பாலத்தில் இன்று ஐந்து நிமிடத்தில் கடக்கலாம். ஆனால் பாலத்தில் நிழல் என்பதே கிடையாது. இங்கேதான் பையின் பக்கப் பைகள் கைகொடுக்கும். பையைக் கழற்றாமலே கை நீட்டிப் போத்தலை எடுக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். முடியாவிட்டால் அந்தப் பை வேண்டாம்.

எடைக் கணக்கையும் பார்ப்போம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. இரண்டு லீற்றர் கொண்டுபோனால் இரண்டு கிலோ. பேரீச்சம்பழம், பணிஸ் அரைக் கிலோ. துவாய், சாரன், மெல்லிய முஸல்லா முக்கால் கிலோ. தொப்பி, டோர்ச், பிளாஸ்டர், ஜீவனி எல்லாம் கால் கிலோ. ஆக மூன்றரைக் கிலோ. பையே ஒன்றரைக் கிலோ என்றால் என்ன நியாயம்? அரைக் கிலோவுக்குள் இருக்கட்டும். அறுபது கிலோ எடையுள்ளவர் நான்கு கிலோவோடு தாராளமாக விரைந்து நடக்கலாம்.

கொள்ளளவு 15 முதல் 20 லீற்றர் போதும். அளக்கத் தெரியவில்லையா? நீளம், அகலம், ஆழம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்துவிடுங்கள். 45, 27, 15 என்றால் ஏறக்குறைய 18 லீற்றர்.

கடையில் இன்னும் சில சோதனைகள். தோள்வார் அகலமாக, மெத்தென்று இருக்கவேண்டும். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு சிறு வார் இருந்தால் விரைந்து நடக்கும்போது பை ஆடாது. முதுகு படும் பக்கத்தில் வலைத்துணி இருந்தால் வியர்வை சீக்கிரம் காயும். சிப்பைப் பத்துத் தடவை இழுத்துப் பாருங்கள். நான்கு கிலோ அரிசிப் பொதியை உள்ளே வைத்து மாட்டிக்கொண்டு, கடைப் படிகளில் இருமுறை ஏறி இறங்குங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும், நடக்கப்போவது நீங்களல்லவா?

மழை தாங்கும் பை என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்யும் நம் பகுதி மழைக்குத் தையலும் சிப்பும் வழிவிடும். உள்ளே ஒரு கனத்த பொலித்தீன் உறையை விரித்து, அதற்குள் பொருட்களை வையுங்கள். பாரமானவை முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும், இலேசானவை வெளிப்பக்கம்.

குடும்பமாகச் செல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாச் சுமையையும் ஒருவர் தலையில், அதுவும் பெரும்பாலும் உம்மாவின் தோளில், ஏற்றிவிடாதீர்கள். ஆளுக்கொரு சின்னப் பை. பிள்ளைகளும் தத்தம் தண்ணீரைத் தாமே சுமக்கட்டும்.

பை வாங்கப் போகுமுன் கொண்டுபோக நினைக்கும் பொருட்களையெல்லாம் பாயில் பரப்பிவையுங்கள். "இது இல்லாவிட்டால் என்ன?" என்று ஒவ்வொன்றையும் கேளுங்கள். பதில் இல்லாததை அலுமாரியிலேயே விட்டுவிடுங்கள். எஞ்சியதற்கு அளவாகப் பையை வாங்குங்கள். பைக்கு அளவாகப் பொருள் சேர்த்தால் சுமைக்கு முடிவே இராது.